ஒரு மாத்திரை, ஒரு பழம், ஒரு புன்னகை

எங்கள் வம்சத்தில் நான்கு தலைமுறையாக முட்டையைக் கையால் தொட்டவர் கிடையாது. தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் அமல்தார். அப்பா பெங்களூர்த் தலைமைச் செயலகமான விதான சௌதாவில் பெரிய அதிகாரிகளின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தே தலை நரைத்தவர். நான் அதே கட்டடத்தில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட ரத்தத்தில் கொழுப்பு மிதக்கிறது என்று பரிசோதனை முடிவு வந்தபோது, அது என் பெயருள்ள வேறு யாரோ ஒரு சந்தானத்தின் ரத்தமாக இருக்க வேண்டும் என்றேன்.

"வேற எந்த சந்தானம் பொங்கல்ல நெய் போறலைன்னு தட்டைத் தள்ளி வைப்பார்?" என்றாள் என் மனைவி ராஜலக்ஷ்மி.

எங்கள் மகன் ரகுராம், ஒயிட்ஃபீல்டிலிருந்து கைப்பேசியிலேயே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டான். தொம்மலூர் மேம்பாலத்தைத் தாண்டினால் 'ஹிருதய வைபவ்' என்ற மருத்துவமனை இருக்கிறது. முழுக்கக் கண்ணாடி. உள்ளே நுழைந்தால் ஆஸ்பத்திரி வாசனை வராது, காப்பி வாசனைதான் வரும். அங்கே ரத்தக் கொழுப்புக்காரர்களை நோயாளிகள் என்று சொல்வதில்லை. 'ஹார்ட் ஹீரோ' என்று சொல்கிறார்கள். எழுபத்து மூன்று வயதில் நான் ஹீரோவானேன்.

டாக்டர் கிருஷ்ணப்பா நல்லவரா என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அவரைப் பார்க்கக் கிடைக்கவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவர் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நோடி சார், கெட்ட கொழுப்பு ஜாஸ்தி ஆயிருச்சு. தினா ராத்திரி ஒரு மாத்திரை. நீங்களா நிறுத்தக் கூடாது. அஷ்டே."

"இதோடு எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது? என்ன தொந்தரவு வந்தால் உங்களிடம் சொல்ல வேண்டும்?"

முப்பத்து நாலு வருஷம் அரசாங்கத்தில் இருந்தவன். ஓர் உத்தரவு வந்தால் அதன் விதிவிலக்குகளைக் கேட்காமல் கையெழுத்திடும் பழக்கம் எனக்கு இல்லை.

"அதெல்லா குளோரியா சொல்வாங்க சார்," என்றார் டாக்டர். அடுத்த ஹீரோ கதவருகில் வந்துவிட்டார்.

குளோரியா என்பவள் என்னுடைய 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்'. ஒக்கலிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள். எங்களுடைய உறவு எப்படிப்பட்டது, அதை மேலாண்மை செய்ய என்ன இருக்கிறது என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. என் கழுத்தில் ஆரஞ்சு நிறப் பட்டையில் ஓர் அட்டையை மாட்டினாள். ஒரு பை கொடுத்தாள். பைக்குள் தண்ணீர்ப் புட்டி, கைக்குட்டை, அப்புறம் தலையளவு ஒரு பழம்.

"தேவனஹள்ளி சக்கோத்தா சார். நம்ம லோக்கல் ஃபார்மர்ஸை சப்போர்ட் பண்றோம்."

தமிழ்நாட்டில் பம்ப்ளிமாஸ் என்பார்கள். பச்சைத் தோல், உள்ளே ரோஜா நிறச் சுளை. எலுமிச்சை, நாரத்தை ஜாதியில் பெரிய அண்ணன்.

"குளோரியா, நான் எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நீ சொல்வாய் என்று டாக்டர் சொன்னார்."

"ஆமா சார். பேஸ்மெண்ட் பார்க்கிங்ல மட்டும் ஜாக்கிரதை. அங்க பில்லர் ஜாஸ்தி. அப்பறம் இதான் சார் நம்ம மந்திரம்." அட்டையைத் திருப்பிக் காட்டினாள். ஆரஞ்சு எழுத்தில் இருந்தது: 'ஒவ்வொரு இரவும் ஒரு மாத்திரை, ஒரு பழம், ஒரு புன்னகை.'

"இந்தப் பழமா, எந்தப் பழமுமா?"

"எந்தப் பழம்னாலும் ஓக்கே சார். ஆனா இது சாப்ட்டா டபுள் பாயிண்ட்."

உத்தரவு என்றால் உத்தரவு. எங்கள் குடும்பத்தில் அரைகுறையாக எதையும் செய்ததில்லை. அன்றிரவு முதல் மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, ராஜலக்ஷ்மி உரித்து வைத்த சக்கோத்தாச் சுளைகளை ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் சந்தையில் அதற்குப் பஞ்சமில்லை. மூன்றாவது அங்கம்தான் கஷ்டமாக இருந்தது. புன்னகையைக் கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவமனையின் செயலிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் மாத்திரை சாப்பிட்டதாகக் கணக்கில் வராது.

"நம்ம கல்யாண ஆல்பத்துல ஒரு படத்துலயாவது இந்தச் சிரிப்பு உண்டான்னா?" என்று ராஜலக்ஷ்மி கேட்டாள். "அந்த ஆஸ்பத்திரிக்காராளுக்கு ராத்திரி ராத்திரி சிரிச்சுக் காட்டறேள்."

கொழுப்பு மளமளவென்று இறங்கியது. இறங்கினால் வரவேற்புக் கூடத்தில் தொங்கும் வெண்கல மணியை அடிக்க வேண்டும் என்பது அங்கே சம்பிரதாயம். பெருமாளுக்குத் தளிகை சமர்ப்பிக்கும்போது மணி அடித்திருக்கிறேன். என் ரத்தத்துக்காக அடித்தது அதுதான் முதல் தடவை. காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். என் ஆரஞ்சுப் பட்டை வெள்ளியாயிற்று. வெகுமதியாக இரண்டு சக்கோத்தா.

வெள்ளிப் பட்டை வந்த சில நாளில் தொடை வலிக்க ஆரம்பித்தது.

எங்கள் வீடு மாடி வீடு. கீழே குடித்தனக்காரர்கள், மேலே நாங்கள். மாடிப்படியில் நான் இதுவரை கைப்பிடியைத் தொட்டதில்லை. அது விருந்தாளிகளுக்காக வைத்தது. இப்போது முதல் திருப்பத்திலேயே கால்கள் ஈர மணல் மூட்டை மாதிரி நின்றன. அங்கே குடித்தனக்காரரின் மின்சார மீட்டர் இருக்கிறது. நான் அதை ஆராய்வதுபோல் சற்று நின்றுவிட்டு ஏறுவேன். இரண்டாவது திருப்பத்தில் ஆராய எதுவும் இல்லாததால், சுவரில் சுண்ணாம்பு உரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். மீட்டரை ஏன் தினமும் பார்க்கிறேன் என்று குடித்தனக்காரர் கவலைப்பட்டு, ராஜலக்ஷ்மியிடம் வந்து விசாரித்தார். அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது.

அவள் ரகுராமிடம் சொன்னாள். அவன் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டான்.

"அப்பா, சர்ஜாபுரத்துல ஒரு சீனியர் லிவிங் இருக்கு. எல்லாம் ஒரே லெவல், படியே கிடையாது. வீல்சேர் பாத்ரூமுக்குள்ளயே போகும். இந்த வீட்டைக் குடுத்துட்டு ரெண்டு பேரும் அங்க போயிடுங்கோ."

"எனக்கு எதற்கடா வீல்சேர்?"

"இப்ப இல்லப்பா. ஆனா மாடி ஏற முடியலைன்னு ஆனப்பறம் இந்த வீட்டுல எப்படி இருப்பேள்?"

எழுந்து உள்ளே போக நினைத்தேன். எழுந்திருக்க நாற்காலியின் கைகளை இரண்டு தரம் ஊன்ற வேண்டியிருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவன் பார்த்ததை நானும் பார்த்தேன்.

என் அப்பா கடைசித் தேர்தல்வரை தன் காலால் நடந்து போய் வோட்டுப் போட்டவர். என்னை நாற்காலியில் வைத்து யாரும் தள்ளுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். மாத்திரை ஆரம்பித்த பிறகு கால் வலிக்கிறது. மாத்திரையைத் தொடரலாமா, கூடாதா? ஒரே ஒரு கேள்வி. எட்டாவது கிராஸில் எங்களுடைய பழைய குடும்ப டாக்டரிடம் கேட்கலாம் என்று ராஜலக்ஷ்மி சொன்னாள். போய்ப் பார்த்தோம். அவர் கிளினிக் இருந்த இடத்தில் ஹிருதய வைபவின் ரத்தம் சேகரிக்கும் கிளை இருந்தது. ரத்தம் எடுக்கட்டுமா என்று கேட்டார்கள்.

ஆகவே தொம்மலூருக்கே போனேன்.

"டாக்டரைப் பார்க்க வேண்டும், குளோரியா."

"உங்க நம்பர் சூப்பரா இருக்கு சார். நல்லா இருக்கற பேஷண்ட்டுக்கு டாக்டர் வேணாம்னு சிஸ்டமே அப்பாயிண்ட்மெண்ட்டைப் பின்னாடி தள்ளிருச்சு. தசராவுக்கு அப்பறம் வருது."

"கொழுப்பு ஏறினால்?"

"அய்யோ, ரெட் வந்துரும் சார். நாளைக்கே காட்டிரலாம்."

"அப்படியானால் டாக்டரைப் பார்ப்பதற்கு நான் மாத்திரையை நிறுத்தியாக வேண்டும்."

"நிறுத்திராதீங்க சார்! உங்க கோல்டு பக்கத்துல வந்துருச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "வலின்னா பெயின் கிளினிக் போங்க சார், நாலாவது மாடி," என்றாள்.

வலிப் பிரிவில் இருந்த இளைஞர் முழங்கால் பேக்கேஜா, முதுகு பேக்கேஜா என்று கேட்டார். தொடை என்றேன். தொடை எந்தப் பேக்கேஜிலும் வரவில்லை. சற்றுக் கீழே முழங்கால் பக்கமாகவோ, சற்று மேலே இடுப்புப் பக்கமாகவோ வலிக்க வாய்ப்பு உண்டா என்று மரியாதையாக விசாரித்தார். இல்லை என்று சொன்னதில் அவருக்கு உண்மையான வருத்தம்.

மருந்தைப் பாதுகாப்பாகச் சாப்பிடுவது பற்றிக் கேட்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் 'பாதுகாப்புப் பிரிவு' என்ற அறைக்கு அனுப்பினார்கள். அங்கே முன்னாள் ராணுவத்தார் ஒருவர் இருந்தார். தீயணைக்கும் கருவியை எப்படிப் பிடிப்பது, தரை ஈரமாக இருந்தால் என்ன நிறப் பலகை வைப்பார்கள் என்பதையெல்லாம் தெளிவாக விளக்கினார். அந்தக் கட்டடத்தில் என் கேள்விக்கு முழுப் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். கேள்விதான் வேறு. நான் எழுந்தபோது தள்ளாடியதைப் பார்த்து, என் மணிக்கட்டில் 'விழும் அபாயம்' என்று எழுதிய மஞ்சள் வளையத்தைக் கட்டி, ஒரு சக்கர நாற்காலியை வரவழைத்தார்.

நான் நடந்தே வெளியேறினேன். நாற்காலி காலியாகப் பின்னால் வந்தது.

விதான சௌதாவில் ஒரு கேள்வியை ஒருவரிடம் கொடுத்தால் அது தொலைந்துபோகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொலைப்பதற்காவது ஒருவர் அதைக் கையில் வாங்கிக்கொள்வார். இங்கே யாரும் வாங்கவே மாட்டேன் என்கிறார்கள். அன்று மட்டும் மூன்று பிரிவுகளுக்குப் போனதால், மருத்துவமனையோடு எனக்கு ஈடுபாடு அதிகம் என்று செயலி முடிவு செய்து பாயிண்ட் கொடுத்தது. தங்கப் பட்டை வந்தது. கூடவே ஒரு கூடை சக்கோத்தா. அன்றிரவும் மாத்திரை, கிண்ணம் நிறையச் சுளை, புன்னகை.

அந்த மாதக் கடைசியில் ஹார்ட் ஹீரோக்களின் ஆண்டு விழா. கொழுப்பை எல்லோரையும்விட அதிகம் குறைத்த ஹீரோ நான்தான் என்று அழைப்பு வந்தது. ரகுராம் காரில் கூட்டிப் போனான். கௌரவத்துக்காக நான் போகவில்லை. மேடையில் டாக்டர் கிருஷ்ணப்பா இருப்பார், அப்பாயிண்ட்மெண்ட் இல்லாமல் அவரை நேரில் பார்க்க அது ஒன்றே வழி.

கீழ்த்தள அரங்கம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு சக்கோத்தா வைத்திருந்தார்கள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார முடியும். அத்தனை ஹீரோக்களும் குழந்தையை ஏந்திய தாய்மார்கள் போல் உட்கார்ந்திருந்தார்கள்.

மருத்துவமனையின் இயக்குநர் டாக்டர் ரெமிஜியஸ் பேச எழுந்தார். கோட்டில் ரோஜா நிறக் கைக்குட்டை. அவர் பேச்சில் ஆங்கிலமும் கன்னடமும் கலந்திருந்தன. தமிழில் தருகிறேன்.

"நண்பர்களே, இந்த மருத்துவமனை உங்களுக்குச் சிகிச்சை தருவதில்லை," என்று சொல்லிச் சற்று நிறுத்தினார். யாரும் மறுக்கவில்லை. "அனுபவம் தருகிறது! முன்காலத்தில் என்ன நடந்தது? நோயாளி வருவார், கேள்வி கேட்பார், டாக்டர் உட்கார்ந்து பதில் சொல்வார். எத்தனை நேரம் வீண்! அதை நாங்கள் அடியோடு ஒழித்துவிட்டோம். இன்று எங்களிடம் பதில் இல்லாத கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. ஏனென்றால் கேள்வியே வருவதில்லை."

கைதட்டல். தட்டுவதற்காக எல்லோரும் பழத்தைக் காலடியில் வைத்துவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டார்கள்.

"ஆனால் ஒழுக்கம் வேண்டும், நண்பர்களே. என்னைப் பாருங்கள். இதே மாத்திரையை நானும் பல வருஷமாகச் சாப்பிடுகிறேன். என் மனைவியின் ஊர் தேவனஹள்ளி. மாமனார் தோட்டத்தில் சக்கோத்தா மரம். அந்தச் சுளையின் ருசி எனக்குத் தெரியாதா? மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு சுளை தொட்டதில்லை! ஏன்? அந்தப் பழம் இந்த மருந்தை உடம்பிலிருந்து சரியாகக் கழியவிடாது. மருந்து ரத்தத்தில் கூடிக்கொண்டே போகும். பிறகு தசையைத் தாக்கும், கால் தளரும். முதல் வருஷ மாணவனுக்கே தெரிந்த விஷயம். ஆனாலும் கடைப்பிடிக்க மன உறுதி வேண்டும்!"

இந்த முறை யாரும் கை தட்டவில்லை. பின் வரிசையில் யார் மடியிலிருந்தோ ஒரு சக்கோத்தா விழுந்து, சரிவான தரையில் நிதானமாக உருண்டு வந்து மேடையில் மோதி நின்றது.

நான் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"ஐயா, ஒரு கேள்வி."

"கேள்வி பதில் நிகழ்ச்சி இல்லை சார்," என்றாள் அறிவிப்பாளர்.

"இந்த மாத்திரையோடு இந்தப் பழத்தைச் சாப்பிடக் கூடாது என்றால், எங்களுக்கு ஏன் கொடுத்தீர்கள்?"

டாக்டர் ரெமிஜியஸின் முகம் மலர்ந்தது. "அற்புதம்! இந்த விழிப்புணர்வைத்தான் நாங்கள் எதிர்பார்க்கிறோம். டாக்டர் கிருஷ்ணப்பா, இவருக்கு நீங்கள் சொல்லியிருப்பீர்களே?"

"நான் எழுதறது மருந்து சார். பழம் டயட் செக்‌ஷன்," என்றார் கிருஷ்ணப்பா.

டயட் அம்மாள் எழுந்தாள். "நாங்க பழம்னா நார்ச்சத்து இருக்கான்னு பாப்போம் சார். மருந்து விஷயம் ஃபார்மஸி."

"பழம் நாங்க விக்கறதில்லயே," என்றது ஃபார்மஸி வரிசை.

எல்லோரும் குளோரியாவைப் பார்த்தார்கள். அவள் முகம் வெளிறியிருந்தது. "ஃப்ரூட் முடிவு பண்ணினது பிராண்டிங் சார்."

பிராண்டிங் பிரிவைச் சேர்ந்த இளைஞர் தயங்காமல் எழுந்தார். "உள்ள பிங்க் கலர் சார். நம்ம லோகோவுக்கு எக்ஸாக்ட் மேட்ச்."

இயக்குநர் லோகோவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நிறம் பொருந்தத்தான் செய்கிறது," என்றார்.

நிகழ்ச்சி நிரல் என்று ஒன்று இருக்கிறதே. அறிவிப்பாளர் அடுத்த வரியை வாசித்தாள்: இந்த ஆண்டின் முதல் ஹீரோ, திரு. சந்தானம். இசை முழங்கியது. மேடையின் கீழ்ப்படிவரை நடந்து போனேன். வலது காலைத் தூக்கினேன். அது எழவில்லை. இடது காலுக்கு உத்தரவிட்டேன். அதுவும் கேட்கவில்லை. இசை ஒருமுறை முடிந்து மறுபடியும் ஆரம்பித்தது. பக்கவாட்டிலிருந்து அந்தச் சக்கர நாற்காலி வந்துகொண்டிருந்தது. பின் வரிசையில் என் மகன் எழுந்து நிற்பது தெரிந்தது.

"என்னால் ஏற முடியவில்லை," என்று மேடையைப் பார்த்துச் சொன்னேன். சபையில் இப்படி ஒரு வாக்கியத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை. "நீங்கள் இறங்கி வாருங்கள்."

கிருஷ்ணப்பா இறங்கி வந்தார். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். குனிந்து தொடையை அழுத்தினார். எனக்கு மூச்சு நின்று வந்தது.

"எஷ்டு நாளா சார் இது? ஏன் மொதல்லயே சொல்லல?"

அவருக்குப் பதில் சொல்ல நான் கேட்டு அலைந்த நாலு மாடி இருந்தது.

அன்றே தசைக்கான ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். தசை சிதைந்து ரத்தத்தில் கலந்தது, இருக்க வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு. அந்தக் கழிவை வடிகட்டி வடிகட்டிச் சிறுநீரகம் கெடாமல் தப்பித்ததற்குப் பெருமாளைத்தான் சொல்ல வேண்டும். கிருஷ்ணப்பா அந்த மாத்திரையை நிறுத்தினார். தசை தேறிய பிறகு, வேறு ரகத்தில் சிறிய அளவு எழுதினார். மாத்திரை கெட்டதல்ல, எனக்கு அது வேண்டும், அதைச் சாப்பிடும் விதத்தை யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்பதை அவரே சொன்னார். எதைச் சாப்பிடக் கூடாது, எந்த மருந்தோடு சேரக் கூடாது, சிறுநீர் கறுத்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் உட்கார்ந்து விளக்கினார். விளக்கி முடிக்க ஒரு காப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. ராஜலக்ஷ்மி நெய்க் கிண்ணத்தை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டாள். அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

கால்கள் மெதுவாகத் திரும்பின. ஒருநாள் மீட்டரைப் பார்க்காமல் மேலே வந்து சேர்ந்தேன். ரகுராம் சர்ஜாபுரம் பேச்சை எடுப்பதில்லை.

நேற்று மாலை நான் வாசலில் நிற்கும்போது குளோரியா வந்தாள். கையில் பெரிய தொட்டி, அதில் ஒரு செடி. மேலே கொண்டு வருகிறேன் என்று பிடிவாதம் செய்தாள். நான் முன்னால் ஏறினேன். அவள் மீட்டர் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

"உங்களுக்கு 'சேஃப்டி அம்பாசடர்' பட்டம் குடுத்திருக்காங்க சார். இது கிஃப்ட்."

"என்ன செடி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சக்கோத்தா சார். பழசு ஸ்டாக் இருந்துச்சாம்."

உள்ளே ராஜலக்ஷ்மி சிரிக்கும் சத்தம் கேட்டது. "காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும்மா. அதுக்குள்ள உங்க ஆஸ்பத்திரியில யாராவது ஒருத்தர் கத்துக்குவா."

குளோரியா கைப்பேசியை எடுத்தாள். "ஒரு போட்டோ எடுத்துக்கறேன் சார். ஸ்மைல் பண்ணுங்க."

செடியின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். எங்கள் குடும்பத்தில் படத்துக்குச் சிரிப்பதில்லை என்றேன். அவள் எடுத்துக்கொண்டாள். ஆனால் கிளம்பவில்லை. தொட்டியின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், எங்கம்மாவும் இதே மாத்திரைதான். மிஞ்சற சக்கோத்தாவ எல்லாம் நான் வீட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போவேன். விழாவுக்கப்பறம் வேணாம்னு சொன்னேன், ஆனா டபுள் பாயிண்ட்டுன்னு அவங்களே வாங்கிச் சாப்ட்டுட்டுதான் இருக்காங்க. இப்ப ரெண்டு வாரமா அம்மாவுக்குக் கட்டில்லருந்து எந்திரிக்க முடியல. அப்பாயிண்ட்மெண்ட் தசராவுக்கு அப்பறம்தான் காட்டுது." நிமிர்ந்து பார்த்தாள். "நான் யார்கிட்ட சார் கேக்கணும்?"

உன்னுடைய ரிலேஷன்ஷிப் மேனேஜரிடம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

"பழத்தை இன்றைக்கே நிறுத்தச் சொல். சிறுநீர் கறுப்பாகப் போகிறதா என்று இப்போதே போன் செய்து கேள். கிருஷ்ணப்பா எத்தனை மணிவரை இருப்பார்?"

"எட்டு சார். ஆனா சிஸ்டம் விடாதே..."

"உன் அம்மாவை ஆட்டோவில் அங்கே கொண்டு வரச் சொல். டாக்டர் ரூம் வாசலில் நான் நிற்கிறேன். பதில் சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போக முடியாது."

"ஏன்னா, இப்பத்தானே மாடி ஏறி வந்தேள்," என்றாள் ராஜலக்ஷ்மி. சொல்லிக்கொண்டே, கால் தளர்ந்த நாட்களில் வாங்கிய என் கைத்தடியை எடுத்து வந்தாள்.

தடி வேண்டாம் என்று அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். தங்கப் பட்டையை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அதைக் கண்டால் அந்தக் கட்டடத்தில் கதவு திறப்பார்கள். பிறகு கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கினேன்.